டிராக்டர் எஞ்சின் ஆயிலில் டீசல் இறங்குதா? பம்ப்பை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பொறுங்க

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் தம்பி. வண்டி இப்ப நிக்குதுன்னா அப்படியே நிக்கட்டும், ஸ்டார்ட் பண்ணாதீங்க. சேறடிக்கிற வேலைக்கு நாலு நாள் வாடகை வண்டி பிடிச்சு ஓட்டிக்கலாம். கிராங்க் பேரிங் போச்சுன்னா இந்தப் பட்டமே போயிடும்.

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: மூணு சிலிண்டர் வண்டி, 5,200 மணி ஓடியிருக்கு. 60 மணி நேரத்துக்கு முன்னாடி 7 லிட்டர் புது ஆயில் ஊத்தினீங்க. இப்ப குச்சியை எடுத்துப் பார்த்தா மேல் கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை ஏறி நிக்குது, டீசல் வாடை அடிக்குது. இழுவை குறையல, புகையும் எப்பவும் போலத்தான். ஒரு மெக்கானிக் பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்னு சொல்றார். இன்னொருத்தர் டீசல் பம்ப்பையே மாத்தச் சொல்றார். யாரை நம்புறதுன்னு தெரியலைன்னு எழுதியிருக்கீங்க.

எஞ்சினை இறக்கச் சொல்றவர் பேச்சை இப்போதைக்குக் கேட்காதீங்க. ரிங் தேய்ஞ்ச வண்டி ஆயிலைக் குடிக்கும், ப்ரீதர் (எஞ்சின் மூச்சு விடுற குழாய்) வழியா புகையைத் தள்ளும், மேடு ஏறும்போது திணறும். உங்க வண்டியில ஆயில் ஏறுதே ஒழிய இறங்கல. இழுவை அப்படியே இருக்கு. சிலிண்டருக்குள்ள எரியாத டீசல் ரிங்கைத் தாண்டி இவ்வளவு இறங்கணும்னா ஒரு சிலிண்டராவது சரியா வேலை செய்யாம இருக்கணும். அப்ப வண்டி காலையில வெள்ளைப் புகை கக்கும், நடுக்கம் கொடுக்கும். அது எதுவும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பம்ப்பைச் சொன்னவர் சொல்றதுல விஷயம் இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி சந்தேகப்பட வேண்டிய ஆள் வேற ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட வர்றேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க குச்சியில ஏறியிருக்கிறது ஒன்றரை லிட்டர்னு வைங்க. 60 மணி நேரத்துல 1,500 மில்லி, அதாவது மணிக்கு 25 மில்லி. ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டுன்னா, நிமிஷத்துக்கு எட்டுச் சொட்டு. அவ்வளவுதான் ஒழுக்கு. உங்க வண்டி மணிக்கு நாலஞ்சு லிட்டர் டீசல் குடிக்கும். அதுல இது அரை சதவீதம். அதனாலதான் டீசல் செலவு கூடினது உங்களுக்குத் தெரியல, யாருக்கும் தெரியாது. ஆனா சம்ப்புல, அதாவது எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டியில பார்த்தா கதை வேற. எட்டரை லிட்டர்ல ஒன்றரை லிட்டர் டீசல்னா 17 சதவீதத்துக்கு மேல. 2 சதவீதம் தாண்டினாலே உஷாராகணும், 5 சதவீதம்னா வண்டியை நிறுத்தி ஆயிலை மாத்தணும்ங்கிறது பொதுவான கணக்கு. நீங்க அதையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு.

15டபிள்யூ40 ஆயில் 100 டிகிரி சூட்டுல 12.5-க்குக் கீழே மெலியக் கூடாதுன்னு அளவு இருக்கு, பிசுபிசுப்பை அளக்கிற சென்டிஸ்டோக்ஸ் கணக்குல. டீசலோ வெறும் 40 டிகிரியிலேயே 2-லேர்ந்து 4.5 வரைக்கும்தான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற ஆயில் படலம்தான் இரும்பை இரும்போட உரச விடாம தாங்குது. அதுல டீசலைக் கலந்தா நல்லெண்ணெய்ல மண்ணெண்ணெய் ஊத்தின மாதிரி, வழுக்கலும் போச்சு, தாங்குற சக்தியும் போச்சு. மீட்டர்ல ஆயில் பிரஷர் காலையில நல்லாத்தான் காட்டும். மதியம் ரோட்டவேட்டரைப் போட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டினப்புறம் ஐடில்ல விட்டுப் பாருங்க, முள்ளு படுத்திடும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிசு. ஆயில் மட்டம் ரொம்ப ஏறினா கிராங்க் அதுல அடிச்சு நுரையாக்கி, ப்ரீதர் வழியா ஏர் இன்டேக்குக்கு அனுப்பிடும். எஞ்சின் தன் சம்ப்பு ஆயிலையே எரிச்சுக்கிட்டு ரேஸாகும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது, ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிக்காது, ஏன்னா அது ஓடுறதுக்குப் பம்ப்லேர்ந்து டீசலே வேண்டாம். நான் ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்திருக்கேன், அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது. அப்படி ஆச்சுன்னா டாப் கியர்ல போட்டு, பிரேக்கை நல்லா மிதிச்சு, கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தணும். இல்லைன்னா ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, வாயைப் பலகை வச்சு அடைக்கணும். கையை வைக்காதீங்க, உள்ளே இழுத்துக்கும்.

சரி, இறங்குறது டீசல்தானான்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும். மட்டம் ஏறினாலே டீசல்தான்னு அர்த்தம் கிடையாது. ஹைட்ராலிக் பம்ப் டைமிங் கியர்ல ஓடுற வண்டிகள்ல அந்த பம்ப்போட ஷாஃப்ட் சீல் போனா ஹைட்ராலிக் ஆயில் சம்ப்புக்கு வந்துடும். பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் அப்படித்தான். அப்ப எஞ்சின் ஆயில் ஏறும், அந்தப் பக்கத்து ஆயில் குறையும், டீசல் வாடை இருக்காது. ரேடியேட்டர் தண்ணி இறங்கியிருந்தா ஆயில் டீக்கடைப் பால் மாதிரி வெளுத்துடும், ரேடியேட்டர்ல தண்ணி குறையும். சில பேர் வரப்போரமா சாய்ச்சு நிறுத்திட்டு, ஓடின சூட்டோட குச்சியை எடுத்துப் பார்த்துட்டு பயந்து போன் பண்ணுவாங்க. சமதரையில நிறுத்தி, அணைச்சு, இருபது நிமிஷம் கழிச்சுத்தான் பார்க்கணும்.

மூக்கு நல்ல கருவிதான், ஆனா பழைய டீசல் எஞ்சின் ஆயில் எல்லாத்துலயும் கொஞ்சம் டீசல் வாடை இருக்கும். அதனால நான் ரெண்டு வேலை செய்வேன். ஒண்ணு, வெள்ளை பிளாட்டிங் பேப்பர்ல குச்சி நுனியிலேர்ந்து ஒரே ஒரு சொட்டு விட்டு, அடியில எதுவும் படாத மாதிரி ஒரு டம்ளர் வாய் மேல வச்சுட்டு, நாலஞ்சு மணி நேரம் தொடாம விட்டுடுவேன். நடுவுல கரி கருவட்டமா நிக்கும். அதைச் சுத்தி ஆயில் பரவும். டீசல் இருந்தா அதையும் தாண்டி வெளியில வெளிறின மஞ்சள் வளையம் ஒண்ணு ஓடியிருக்கும். பக்கத்துல அதே கம்பெனி, அதே கிரேடு புது ஆயில் ஒரு சொட்டு விட்டு வச்சா வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரெண்டாவது இன்னும் சுலபம். முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒண்ணு எடுத்து, ஒரு பக்கம் புது ஆயில் ஒரு சொட்டு, பக்கத்துல உங்க ஆயில் ஒரு சொட்டு. ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும், அதனால ராத்திரி முழுக்க ஒரே இடத்துல வச்சிருந்து காலையில பண்ணுங்க. கண்ணாடியைச் சாய்ச்சா ரெண்டும் ஓடும். கரி ஏறின பழைய ஆயில் சாதாரணமா புதுசை விட மெதுவாவோ சமமாவோதான் ஓடும். உங்களுது முந்திக்கிட்டு ஓடிச்சுன்னா சந்தேகமே வேண்டாம். ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, ஆயிலைத் தீயில காட்டிப் பார்க்கிறது. அதைப் பண்ணாதீங்க. நம்ம ஊர் டீசலுக்குத் தீப்பிடிக்கிற நிலை குறைஞ்சது 35 டிகிரி இருக்கணும்னுதான் டீசலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1460 சொல்லுது, எஞ்சின் ஆயிலுக்கு அது 200 டிகிரிக்கு மேல. டீசல் கலந்த ஆயில் எங்கே பிடிக்கும்னு சொல்லவே முடியாது. துல்லியமா வேணும்னா லேபுக்கு அனுப்புங்க, இதே தீப்பிடிக்கிற சூட்டையும் பிசுபிசுப்பையும் அளந்து எத்தனை சதவீதம்னு எழுதிக் கொடுத்துடுவாங்க.

இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, அதையும் சொல்லிடுறேன். மட்டம் ஏறாமலேயே டீசல் இறங்கலாம். பழைய வண்டி ஒண்ணு வழக்கமா ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல ஒரு லிட்டர் ஆயில் கேட்கும். திடீர்னு இந்த வருஷம் கேட்கவே இல்ல. ஓனர் சந்தோஷமா டீ வாங்கிக் கொடுப்பார். குடிச்ச ஆயிலுக்குப் பதிலா டீசல் வந்து உட்கார்ந்திருக்கும், குச்சி மட்டும் அதே கோட்டுல நிக்கும். ஆயில் குடிக்கிற வண்டி குடிக்கிறதை நிறுத்தினா அதையும் வியாதியாத்தான் பார்க்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்கே ஒழுகுதுன்னு தேடுறதுக்கு முன்னாடி எப்ப ஒழுகுதுன்னு பார்க்கணும். இதை நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். காசு என்னோடது இல்ல, வண்டிக்காரரோடது. மன்னார்குடிப் பக்கம், குறுவைக்குச் சேறடிக்கிற நேரம். உங்க கேஸ் மாதிரியேதான்: ஆயில் ஏறுது, இழுவை நல்லா இருக்கு. பம்ப் ஷாஃப்ட் சீல்தான்னு நான் தீர்ப்பே எழுதிட்டேன். பம்ப்பைக் கழற்றி, காலிபரேஷனுக்குக் கொடுத்து, சீல் கிட் மாத்தி, மூணு நாள் கழிச்சுப் பூட்டி, டைமிங் வச்சு, புது ஆயில் ஊத்தி அனுப்பினேன். ரெண்டாவது நாள் திரும்பி வந்து நின்னுது. அந்த ஞாயித்துக்கிழமை வண்டி ஷெட்டுல சும்மா நின்னுது. திங்கக்கிழமை காலையில எங்கிட்ட வேலை பார்க்கிற பையன் குச்சியை எடுத்துப் பார்த்துட்டு, "அண்ணே, ஓட்டவே இல்ல, ஆனா ஏறியிருக்கு"ன்னான். எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஓடாத எஞ்சின்ல ரிங்காவது, சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கிற நாசிலாவது. டேங்க்ல இருக்கிற டீசல் தன் எடையிலேயே இறங்கி வர்ற வழி எதுவோ அதுதான் ஓட்டை. கழற்றிப் பார்த்தா, டேங்க்லேர்ந்து டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்குக் கொடுக்கிற ஃபீட் பம்ப்போட டயாஃப்ரம் ஓரத்துல நகக்கண் அளவு கிழிசல்.

அதனால நீங்களும் இன்னிக்கு ராத்திரி இதைப் பண்ணுங்க. கெட்ட ஆயிலை முழுக்க இறக்கிட்டு, விலை குறைஞ்ச ஆயில் சரியான அளவு ஊத்துங்க. இந்தச் சோதனைக்கு எஞ்சின் ஓடப்போறதில்ல, அதனால தரம் பத்திக் கவலை வேண்டாம். வண்டி சமதரையில நிக்கணும், டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கணும். ஆயில் கீழே இறங்கட்டும்னு அரை மணி நேரம் விட்டு, குச்சியை எடுத்து ஆயில் நிக்கிற இடத்துல பிளேடால லேசா ஒரு கோடு கீறிக்குங்க. பேனாவால போட்டா ஆயில்ல அழிஞ்சிடும். டேங்க் அடியில இருக்கிற டீசல் டேப்பைத் திறந்தே வச்சுட்டுப் போய்ப் படுங்க. காலையில பாருங்க. அடுத்த ராத்திரி டேப்பை மூடிட்டு இதையே திரும்பப் பண்ணுங்க. டேப்பு நல்லா மூடுதான்னு, அதுக்கு அடுத்த பைப்பைக் கழற்றிச் சொட்டுதான்னு பார்த்துக்கணும், பாதி வண்டியில மூடின டேப்பு மூடினதா இருக்காது.

டேப்பு திறந்த ராத்திரி ஏறி, மூடின ராத்திரி ஏறலைன்னா குற்றவாளி ரெண்டே பேர்: ஃபீட் பம்ப், இல்லைன்னா டீசல் பம்ப்போட ஷாஃப்ட் சீல். நாசில், ரிங், லைனர் (சிலிண்டரோட உள்சுவர்) எல்லாரும் விடுதலை. டேங்க் உயரத்துல வர்ற அழுத்தம் கொஞ்சம்தான், ஓடும்போது ஃபீட் பம்ப் தள்ளுற அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. அதனால நிக்கும்போது மெதுவாத்தான் ஏறும். ஒரு ராத்திரியில தெரியலைன்னா ரெண்டு ராத்திரி விடுங்க. ரெண்டு ராத்திரி விட்டும் ஒரு மயிரிழை கூட ஏறலைன்னா அது ஓடும்போது மட்டும் இறங்குற ஒழுக்கு, அதுக்குக் கீழே வழி சொல்றேன்.

ஃபீட் பம்ப்பை எங்க பக்கம் பெரியவங்க ஏசி பம்ப்னு சொல்லுவாங்க. நீங்க அனுப்பின விவரப்படி உங்களுது எஞ்சின் பாடியில ரெண்டு போல்ட்ல உட்கார்ந்திருக்கிற டயாஃப்ரம் பம்ப். உள்ளே ரப்பர் பூசின துணி ஒண்ணு. துணிக்கு மேல டீசல், துணிக்குக் கீழ ஸ்பிரிங்கும் கேம் ஷாஃப்டைத் தொட்டுக்கிட்டிருக்கிற கையும். அந்தக் கை இருக்கிற இடம் நேரா எஞ்சின் சம்ப்புக்குத் திறந்து கிடக்கு. டீசலுக்கும் சம்ப்புக்கும் நடுவுல அந்த ஒரு துணிதான் வேலி. சில பம்ப்புல துணி கிழிஞ்சா டீசல் வெளியில சொட்டட்டும்னு பாடியில பொடி ஓட்டை ஒண்ணு வச்சிருப்பாங்க. நம்ம வண்டியில அது சேத்துலயும் கிரீஸ்லயும் அடைஞ்சே கிடக்கும். ஒரு ஊசியால குத்திப் பாருங்க, சில சமயம் அங்கேயே பதில் கிடைச்சிடும்.

கழற்றிப் பார்க்கிறது அரை மணி நேர வேலை. ரெண்டு போல்ட்டை எடுத்து பம்ப்பை வெளியில இழுங்க. இரும்புப் பைப் வளையலைன்னா பைப்பைக் கழற்றிட்டு உள்ளே வர்ற பக்கத்துல ரப்பர் ட்யூப் ஒண்ணு மாட்டி அதை ஒரு கேன் டீசல்ல விடுங்க. வெளியே போற வாயில இன்னொரு ட்யூப் மாட்டி அதையும் அதே கேன்ல விடுங்க. பம்ப்போட அடிப்பக்கத்தைத் துணியால காயத் துடைச்சு, கீழே வெள்ளைக் காகிதம் விரிச்சுட்டு, கேம் ஷாஃப்டைத் தொடுற அந்தக் கையைக் கட்டைவிரலால நூறு தடவை அமுக்குங்க. வெளியே போற ட்யூபை நடுநடுவுல விரலால அடைச்சுப் பிடிங்க, உள்ளே அழுத்தம் ஏறும். நல்ல டயாஃப்ரம்னா காகிதம் வெள்ளையாவே இருக்கும். ஒரு சொட்டு டீசல் கை பக்கம் வழிஞ்சாலும் அதுதான். டயாஃப்ரம் கிட் மட்டும் தனியா கிடைக்கும், ஆனா கைப் பின்னும் தேய்ஞ்சிருந்தா முழு பம்ப்பையே மாத்திடுங்க. டீசல் பம்ப் ஓவர்ஹாலோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல. திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போடுங்க. கை கேம்முக்கு மேல உட்காரணும், அடியில மாட்டிக்கிச்சுன்னா போல்ட் முறுக்கும்போதே ஒடிஞ்சிடும். பூட்டினதும் ஃபில்டர்லேர்ந்து ஏர் எடுத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

காகிதத்துல எதுவும் விழலை, ஆனா மனசுல சந்தேகம் போகலைன்னா இன்னொரு வழி: ஃபீட் பம்ப்பை விட்டுட்டு, ஒரு கேன்ல டீசல் ஊத்தி வண்டி பானெட்டை விட உயரத்துல பத்திரமாக் கட்டி, அதுலேர்ந்து ட்யூப் வழியா நேரா டீசல் ஃபில்டருக்குக் கொடுங்க. ஃபீட் பம்ப்போட ரெண்டு வாயையும் அடைச்சிடுங்க, உள்ளே டீசல் இல்லாம வெறுமனே ஆடட்டும். ட்யூபும் கேனும் சைலன்சர் பக்கமே போகக் கூடாது. இப்படி ரெண்டு மூணு மணி நேரம் நின்ன இடத்துலயே ஓட்டி மட்டம் பார்த்தா, ஏறலைன்னா ஃபீட் பம்ப், ஏறினா மத்தது.

மத்ததுன்னா டீசல் பம்ப். இதுல ரெண்டு சாதி இருக்கு, ரெண்டும் வேற வேற விதமா ஒழுகும். உங்களுது வட்டமா, பைப்பெல்லாம் ஒரே தலையிலேர்ந்து கிளம்புற ரோட்டரி பம்ப். அதுக்குள்ள ஆயிலே கிடையாது, டீசல்லயே முங்கி, டீசல்தான் அதுக்கு மசகு. ஷாஃப்ட் டைமிங் கியருக்குள்ள நுழையுற இடத்துல இருக்கிற சீல் போனா பம்ப்புக்குள்ள இருக்கிற டீசல் டைமிங் கேஸுக்குப் போய், அங்கேர்ந்து சம்ப்புக்கு வழியும். டைமிங் கவர்ல பம்ப் கியரைப் பார்க்க ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி, டார்ச் அடிச்சுக்கிட்டு, இன்னொருத்தரை ஃபீட் பம்ப் லீவரைக் கையால அடிக்கச் சொல்லுங்க. கியருக்குப் பின்னாடியிலேர்ந்து கருப்பு ஆயிலைக் கழுவிக்கிட்டு ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு இறங்கிச்சுன்னா சீல் போச்சு. பம்ப்பைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் பைப்பை ஊதிப் பாருங்க. அது நசுங்கியோ அடைஞ்சோ இருந்தா பம்ப்புக்குள்ள அழுத்தம் ஏறி சீலைத் தள்ளிடும். அதைச் சரி பண்ணாம புது சீல் போட்டா அதுவும் ஒரு பட்டம் தாங்காது. இதைச் சொல்லாம பம்ப்பைத் திருப்பிக் கொடுக்கிற கடைகளும் இருக்கு.

மத்த சாதி, வரிசையா நிக்கிற இன்லைன் பம்ப். எங்க ஆளுங்க எந்தக் கம்பெனியா இருந்தாலும் மைக்கோ பம்ப்னுதான் சொல்லுவாங்க. அது 1951-ல தொடங்கின பெங்களூர் கம்பெனியோட பேரு, இப்ப அது பாஷ் ஆயிடுச்சு, பேரு மட்டும் ஷெட்டுல நிலைச்சிடுச்சு. இதுக்கு அடியில கேம் இருக்கிற பெட்டிக்கு ஆயில் வேணும். நிறைய வண்டியில அது எஞ்சின் ஆயிலே ஒரு பைப் வழியா வந்து திரும்பிப் போறது. எலிமென்ட்னு சொல்ற பிளஞ்சரும் பேரலும் சில மைக்ரான் இடைவெளியில ஓடுற ஜோடி. தண்ணி, தூசி கலந்த டீசல்ல அது தேய்ஞ்சா, டீசல் மேல போகாம பக்கவாட்டுல வழிஞ்சு கேம் பெட்டிக்கு வரும், அங்கேர்ந்து சம்ப்புக்கு. பக்க மூடியைக் கழற்றிட்டு ஃபீட் பம்ப் குமிழை அடிச்சா எந்த எலிமென்ட் ஈரமாகுதுன்னு கண்ணால பார்க்கலாம். அந்த பம்ப்போட ஒட்டியிருக்கிற ஃபீட் பம்ப்லயும் ஒரு தள்ளுகம்பி இருக்கு, அது தேய்ஞ்சாலும் டீசல் இதே பெட்டிக்குத்தான் வரும். அதை முதல்ல பாருங்க, மலிவு.

நாசில் கேஸ் தனி ரகம். நாசில் மூடாம ஒழுகினா டீசல் பூவா தெறிக்காம சொட்டா விழும், எரியாம லைனர் சுவத்தைக் கழுவிக்கிட்டு இறங்கும். ஆயிலும் கெடும், லைனரும் தேயும். ஐடில்ல விட்டு, பம்ப் பக்கத்துப் பைப் நட்டை ஒண்ணொண்ணா லேசா தளர்த்திப் பார்த்தா, எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் மாறலையோ அது ஏற்கெனவே நொண்டி. அந்த நாசிலை டெஸ்டர்ல போட்டு, திறக்கிற அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே பத்து விநாடி நிறுத்திப் பார்க்கணும், நுனியில சொட்டு விழக் கூடாது. நாசில் அடிக்கிற இடத்துல விரலைக் காட்டிப் பார்க்கிற வீரர்கள் இருக்காங்க. தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வலி கொஞ்சமாத்தான் தெரியும், ஆனா விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆச்சுன்னா வண்டியை விட்டுட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

நாசில்ல மிஞ்சின டீசல் திரும்பிப் போற இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப், எஞ்சின் தலை மேல இருக்கிற ராக்கர் கவருக்குள்ளேயே ஓடுற எஞ்சின்ல காப்பர் வாஷர் ஒண்ணு போனாலே போதும், கவரைக் கழற்றிப் பார்த்தாத் தெரியும். மணிக்கணக்கா சும்மா ஐடில்ல விட்டு வைக்கிற பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமா டீசலை இறக்கும், ஆனா 60 மணி நேரத்துல ஒன்றரை லிட்டர் அதுல வராது.

இதெல்லாம் உங்களுது மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு. 2023 ஜனவரியிலேர்ந்து 50 குதிரைத்திறனுக்கு மேல இருக்கிற டிராக்டருக்குப் புது புகை விதி வந்ததுல நிறைய வண்டி சிஆர்டிஐ, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ரொம்ப அதிக அழுத்தத்துல டீசல் அடிக்கிற ரகம் ஆயிடுச்சு. அதுல பைப் நட்டைத் தளர்த்துற வேலையே கூடாது, அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல. டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர் வச்ச எஞ்சின்ல அந்தக் கரியை எரிக்கக் கடைசி நேரத்துல கூடுதலா டீசல் அடிக்கும், அதுல கொஞ்சம் லைனர் வழியா ஆயிலுக்கு வர்றது அந்த அமைப்போட குணம். எரிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி அடிக்கடி வண்டியை அணைச்சா இன்னும் அதிகமா வரும். உங்க அண்ணன் வண்டி அந்த ரகம்னா இதைச் சொல்லி வைங்க.

ஓட்டை கிடைச்சு அடைச்சதும் வேலை முடியல. ஆயில் ஃபில்டரை மாத்துங்க, பழசைத் தூக்கிப் போடாதீங்க. அறுத்து, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை விரிச்சு வெயில்ல பாருங்க. ஹாக்ஸாவால அறுத்தா அந்த இரும்புத்தூளே உள்ளே விழுந்து ஏமாத்தும், தகர கட்டர் இருந்தா நல்லது. பழைய மாடல்ல காகித எலிமென்ட் தனியாவே வரும், கத்தியே போதும். வெள்ளி மாதிரியோ செம்பு மாதிரியோ மினுமினுப்பு இருந்தா சம்ப்பை இறக்கி ஒரு கனெக்டிங் ராட் பேரிங்கையாவது பார்த்துடணும். எதுவும் இல்லைன்னா அந்த மலிவு ஆயில்ல பத்து நிமிஷம் ஐடில்ல ஓட்டி, சூட்டோட முழுக்க இறக்கி, நல்ல ஆயில் ஊத்துங்க. அதையும் 50 மணி நேரத்துல மாத்திடுங்க, இண்டு இடுக்குல இருக்கிற டீசல் அப்பத்தான் போகும். ரெண்டு மணி நேரம் சுமையோட ஓட்டினப்புறம் சூடான ஐடில்ல ஆயில் பிரஷரைப் பார்த்து, முன்னாடி இருந்த அளவோட ஒப்பிடுங்க. இறக்கின ஆயிலை அடுப்படிப் பக்கமோ பம்ப் செட் மோட்டார் பக்கமோ வைக்காதீங்க. கரையானுக்கு வேலிக்காலில பூசுறேன்னு அப்பா கேட்டார்னா, இது பழைய ஆயில் மாதிரி இல்ல, பத்திக்கும்னு சொல்லிடுங்க.

இப்போதைக்கு எனக்கு உங்ககிட்டேர்ந்து வேண்டியது ரெண்டே அளவு. டேப்பு திறந்த ராத்திரி குச்சியில எத்தனை மில்லிமீட்டர் ஏறிச்சு, மூடின ராத்திரி எத்தனை. பள்ளிக்கூட ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க. அது வர்ற வரைக்கும் ரெண்டு மெக்கானிக்குக்கும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.